வெக்கை நோய் ஒழிந்த வரலாறும் அது நமக்குக் கற்பிக்கும் பாடமும்

(ஒரு விவசாய டிமான்ஸ்டிரேட்டர் எழுதுவது)

மாடு என்னும் சொல்லைச் செல்வம் என்னும் பொருளிலும் வழங்கியவர் நம் முன்னோர். உழவுக்கு எருதும், பாலுக்குப் பசுவும் எருமையும், நிலத்திற்கு எருவும் கிடையும் இல்லையேல் குடியானவன் வாழ்வு இல்லை என்பதை அவர்கள் நன்குணர்ந்திருந்தனர். ஆயினும் நிலத்தைக் காப்பதில் நாம் காட்டும் முன்யோசனையை மாட்டைக் காப்பதில் காட்டுகிறோமா என்பது ஐயத்திற்கிடமானது. மழைக்காலம் வருமுன் ஏரிக்கரையைப் பார்த்து மண் அணைக்கிறோம். விதைக்குமுன் விதையை நேர்த்தி செய்கிறோம். மாட்டின் விஷயத்திலோ, அது தீவனம் எடாமல் தலை கவிழ்த்து நின்றபின்பே வைத்தியரைத் தேடி ஆள் அனுப்புகிறோம். கரை உடைந்தபின் மண் கொட்டுபவனைக் கெட்டிக்காரன் என்று எவரும் சொல்லார்.

என் பாட்டனார் வீட்டுத் தொழுவத்தில் ஒன்பது கட்டுத்தறிகள் இருந்தன. யான் சிறுவனாயிருந்த காலத்தில் அவற்றுள் இரண்டில் மட்டுமே மாடுகள் கட்டப்பட்டிருக்கும். மற்ற ஏழும் எதற்கு என்று கேட்டபோது, "அவை வெக்கை கொண்டுபோன மாடுகளின் தறிகள், பிடுங்க மனம் வரவில்லை" என்று அவர் விடையளித்தார். பத்து நாட்களுக்குள் ஏழு மாடுகள் மாண்டனவாம். அவ்வருஷம் ஏர் பூட்ட மாடின்றி நஞ்சையில் ஒரு பகுதியை விற்க நேர்ந்ததாம். அந்நிலம் மீண்டும் எங்கள் குடும்பத்திற்கு வரவில்லை.

இன்று வெக்கை நோயைக் கண்ணால் கண்ட இளைஞர் ஒருவரும் நம் கிராமங்களில் இலர். அப்பெயரைக் கேட்டறியாதவரே பலர். உலகம் முழுவதிலுமிருந்து வேரோடு களையப்பட்ட கால்நடை நோய் இஃதொன்றே. மனிதருக்கு வரும் பெரியம்மைக்கு அடுத்தபடியாக இவ்வாறு ஒழிக்கப்பட்ட இரண்டாவது வியாதியும் இதுவே. இவ்வெற்றி எங்ஙனம் கைகூடிற்று என்பதை நிலமுடையோரும் கிராம அதிகாரிகளும் அறிந்துகொள்ளுதல் நலம். ஏனெனில் நோய் வருமுன் காக்கும் வைத்தியத்தின் சரித்திரம் பெரும்பாலும் இந்நோயின் சரித்திரமேயாகும். அதன் பாடங்களோ இன்னும் முடிந்தபாடில்லை.

நோயின் தன்மை

வெக்கை நோய், வைரஸ் என்னும் மிக நுண்ணிய கிருமியால் உண்டாவது. மாடு, எருமை ஆகியவற்றையும், காட்டெருமை முதலிய பல இரட்டைக் குளம்புப் பிராணிகளையும் அது பற்றும். முதலில் கடுஞ்சுரம் காணும். பின்னர்க் கண்ணிலும் மூக்கிலும் நீர் வடியும். வாயின் உட்புறத்தில் தவிடு தூவினாற்போல் தோன்றிப் புண்ணாகும். அடுத்துத் துர்நாற்றமுள்ள கழிச்சல் ஏற்பட்டு, உடலிலுள்ள நீரெல்லாம் வற்றிச் சில நாட்களில் மாடு மாளும். நோய் முன்பு வந்தறியாத மந்தைகளில் நூற்றுக்கு எண்பது, தொண்ணூறு வீதம் மடிந்ததும் உண்டு.

இந்நோயைப் பற்றி மூன்று உண்மைகளைக் கருத்திலிருத்த வேண்டும். முதலாவது, நோயுற்ற மாட்டின் மூச்சும் கழிவும் நல்ல மாட்டிற்கு அருகில் சென்றாலன்றி நோய் எளிதிற் பரவாது. வெயிலிலும் உலர்ந்த இடத்திலும் கிருமி விரைவில் அழிந்துபோகும். இரண்டாவது, நோய் கண்டு பிழைத்த மாட்டிற்கு ஆயுள் முழுவதும் அது மறுபடி வாராது. அம்மாடு கிருமியை உடலில் வைத்துக்கொண்டு பிறவற்றிற்குப் பரப்புவதும் இல்லை. மூன்றாவது, கிருமியில் உட்பிரிவுகள் சிற்சில இருப்பினும் தடுப்பு மருந்து ஒன்றே எல்லாவற்றிற்கும் போதுமானது. இம்மூன்றும் சேர்ந்தமையாலேயே இந்நோயை ஒழித்தல் சாத்தியமாயிற்று.

மருந்தின்றித் தடுத்த காலம்

கிருமி என்று ஒன்று உண்டென்பதே அறியப்படாத காலத்தில், 1711-ம் ஆண்டு முதல் ஐரோப்பாவில் இக்கொள்ளைநோய் பரவிற்று. இத்தாலியில் போப்பாண்டவரின் வைத்தியராயிருந்த லான்சிசி என்பவர், நோயுற்ற மாடுகளுக்குச் சிகிச்சை செய்வதை விட்டு அவற்றைக் கொன்று சுண்ணாம்பிட்டுப் புதைக்கவேண்டுமென்றும், மாடுகளின் போக்குவரவை நிறுத்தவேண்டுமென்றும் வற்புறுத்தினார். கட்டளையை மீறியவர்க்குக் கடுந்தண்டனை விதிக்கப்பட்டது. அதன் பயனாக அந்நாட்டுப் பகுதியில் நோய் சில மாதங்களில் அடங்கிற்று.

1714-ல் அந்நோய் இங்கிலாந்தில் தோன்றியபோது தாமஸ் பேட்ஸ் என்னும் ரணவைத்தியர் அதே வழியைக் கையாண்டார். ஆனால் அதனுடன் அறிவுடைய ஓர் ஏற்பாட்டையும் சேர்த்தார். கொல்லப்படும் மாட்டிற்கு உடையவர்க்கு ஈடு கொடுக்கச் செய்தார். நோயை மறைத்து மாட்டை விற்றால் கிடைக்கும் பணத்தைவிட, உண்மையைச் சொல்லிப் பெறும் ஈடு மேலாயிருந்தால் எவனும் மறைக்கமாட்டான் என்பது அவர் கண்ட உண்மை. நோய் கண்ட கொட்டிலைக் கழுவிப் புகையிட்டுச் சில மாதங்கள் வெறுமையாய் விடவேண்டுமென்பதும், நோயுற்ற மாட்டைக் கவனிப்பவன் நல்ல மாட்டின் அருகே செல்லலாகாதென்பதும் அவருடைய மற்ற விதிகள். மூன்று நூற்றாண்டுகள் கழிந்தும் இவ்விதிகளில் ஒன்றேனும் பழுதாகவில்லை.

கால்நடை வைத்தியம் ஒரு முறையான கல்வியாக அமைந்ததற்கும் இக்கொள்ளைநோயின் அச்சமே பெருங்காரணமாகும். பிரான்ஸ் தேசத்தில் லியோன் நகரில் கிளாட் பூர்ஷலா என்பவர் 1761-ல் அரசாணை பெற்று ஒரு கால்நடை வைத்தியப் பள்ளியை நிறுவினார். உலகில் இத்தகைய பள்ளிகளுள் முதலாவது அதுவே.

இத்துணை அனுபவம் இருந்தும் மனிதர் மறந்துவிடுகின்றனர். 1865-ல் இங்கிலாந்தின் ஹல் துறைமுகத்தில் இறங்கிய மாடுகளோடு நோய் மறுபடியும் நுழைந்தது. லண்டன் மாட்டுச் சந்தையிலிருந்து அது திசைதோறும் சென்றது. நோய் தொற்றிப் பரவுவதா, காற்றின் கெடுதலால் தானே தோன்றுவதா என்று அறிஞர் வாதிட்டுக்கொண்டிருந்தனர். கஷாயங்களும் தைலங்களும் கடைகளில் விற்றன. மாடுகள் இலட்சக்கணக்கில் மாண்டன. பின்னர் 1866-ம் ஆண்டின் தொடக்கத்தில் சட்டம் இயற்றி, நோயுற்றவற்றைக் கொல்லவும் போக்குவரவைத் தடுக்கவும் முற்பட்டபின் நோய் விரைவாகக் குறைந்து மறு ஆண்டில் ஒழிந்தது. பேட்ஸ் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் சொன்னதையே பெரும் நஷ்டப்பட்டு மீண்டும் கற்றுக்கொண்டனர்.

ஆப்பிரிக்கா கண்ட துயரம்

தடுப்பு ஏற்பாடுகள் ஒன்றுமில்லாத நாட்டில் இந்நோய் என்ன செய்யும் என்பதற்கு ஆப்பிரிக்கா சாட்சி. 1880-களின் இறுதியில் எரித்ரியாக் கரையில் புகுந்த வெக்கை, எத்தியோப்பியாவில் உழவு மாடுகளை அறவே அழித்தது. ஏர் இன்மையால் விளைச்சல் இல்லை. விளைச்சல் இன்மையால் கொடிய பஞ்சம். 1888 முதல் 1892 வரை நீடித்த அப்பஞ்சத்தில் அந்நாட்டு மக்களில் மூன்றிலொரு பங்கினர் மாண்டிருக்கலாமென மதிப்பிடுகின்றனர். நோய் தெற்கே சென்று 1896-ல் சாம்பசி நதியைக் கடந்து தென்னாப்பிரிக்காவை அடைந்தது. மாட்டின் நோய் மாட்டோடு நிற்பதில்லை. உழவன் குடிசைக்குள்ளும் அது புகும் என்பதை இதனினும் தெளிவாக வேறெதுவும் காட்டாது.

அங்கே ஜெர்மனி தேசத்துப் பேரறிஞர் ராபர்ட் காக் வரவழைக்கப்பட்டார். நோயில் மாண்ட மாட்டின் பித்தநீரை நல்ல மாட்டிற்கு ஊசி வழியே செலுத்தினால் ஓரளவு தடுப்புச் சக்தி உண்டாகிறது என்று 1897-ல் அவர் அறிவித்தார். அது குறைபாடுள்ள முறையே. எனினும் இந்நோயை மருந்தினால் முன்கூட்டித் தடுக்கலாகும் என்னும் நம்பிக்கையை அது விளைவித்தது. 1881-ல் பிரான்சில் லூயி பாஸ்டர் அடைப்பான் நோய்க்கு ஆடுகளில் தடுப்பூசி போட்டு, ஊசி போட்டவை பிழைத்ததையும் போடாதவை மாண்டதையும் பொதுமக்கள் முன்னிலையில் காட்டியிருந்தார். அந்த வழியே இப்பொழுது வெக்கைக்கும் திறந்தது. 1902-ல் நிக்கோல், அடில் பே என்னும் இருவர், இந்நோயின் கிருமி வடிகட்டியிலும் தங்காது செல்லும் அத்துணை நுண்ணியது என்பதைக் கான்ஸ்டாண்டிநோபிளில் நிரூபித்தனர்.

நம் தேசத்தில் நடந்த ஆராய்ச்சி

நமது சென்னை மாகாணத்தில் 1866-லேயே மாட்டு வியாதிச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. இந்தியா முழுவதிலும் மாட்டுக் கொள்ளைநோய்களை விசாரிக்க ஹாலன் என்பவர் தலைமையில் நியமிக்கப்பட்ட குழுவினர் 1871-ல் தம் அறிக்கையை வெளியிட்டனர். 1889-ல் பூனா நகரில் கிருமி ஆராய்ச்சிச் சாலை ஒன்று தொடங்கப்பெற்றது. ஆல்பிரட் லிங்கார்டு என்பவர் அதன் தலைவரானார். கொடிய கிருமிகளை ஊர்களுக்கு நடுவே வைத்து ஆராய்தல் ஆபத்தாகையால், 1893-ல் அது இமயமலைச் சாரலிலுள்ள முக்தேசுவரத்திற்கு மாற்றப்பட்டது. 1897-ல் ராபர்ட் காக் அவ்விடத்திற்கும் வந்து சென்றார்.

முதலில் செய்யப்பட்டது சீரம் என்னும் ஊநீர். நோய் கண்டு தேறிய மாட்டின் இரத்தத்திலிருந்து அதனை எடுப்பர். அதைப் பெற்ற மாடு சில வாரங்கள் மட்டுமே காக்கப்படும். பிறகு பழைய நிலைதான். நோய் வந்துவிட்ட ஊரில் பரவுதலைத் தடுக்க அது உதவிற்று. நிரந்தரத் தடுப்பிற்கோ, சீரத்துடன் நோய்க்கிருமியுள்ள இரத்தத்தையும் ஒருங்கே செலுத்தும் முறை பின்பற்றப்பட்டது. அதில் இரு தொல்லைகள் இருந்தன. செலவு மிகுதி, மேலும் ஒரு மாட்டின் இரத்தத்தோடு வேறு இரத்த நோய்களின் கிருமிகளும் மற்றொரு மாட்டிற்குச் செல்லக்கூடும்.

இத்தொல்லையை நீக்க முயன்றபோதுதான் ஒரு பெரும் பேறு கிட்டியது. முக்தேசுவரத்தில் பணியாற்றிய ஜே. டி. எட்வர்ட்ஸ் என்பவர், மாட்டு இரத்தக் கிருமிகளின் கலப்பைத் தவிர்க்கும் பொருட்டு வெக்கைக் கிருமியை வெள்ளாட்டிற்குச் செலுத்தி, அந்த ஆட்டிலிருந்து மற்றோர் ஆட்டிற்கும், அதிலிருந்து வேறோர் ஆட்டிற்குமாகத் தொடர்ந்து மாற்றிவந்தார். இவ்வாறு நூற்றுக்கணக்கான தடவை மாறியபின் அக்கிருமி மாட்டிற்குச் சாவை விளைக்கும் வலியை இழந்து, தடுப்புச் சக்தியை மட்டும் அளிப்பதாயிற்று. 1920-களின் பிற்பகுதியில் கண்ட இம்மருந்தே வெள்ளாட்டுத் தடுப்பு மருந்து எனப்படுவது. சமவெளி மாடுகள் அதனை நன்கு தாங்கின. சீமை இன மாடுகளும் சில மலைநாட்டு மாடுகளும் மட்டும் கடுமையாகச் சுரம் கண்டன.

நமது மாகாணமும் இப்பணியில் பின்தங்கவில்லை. 1903-ல் சென்னை வேப்பேரியில் கால்நடை வைத்தியக் கல்லூரி தொடங்கப்பட்டது. 1932-ல் இராணிப்பேட்டையில் சீரம் தயாரிக்கும் நிலையம் நிறுவப்பட்டது. அதுவே இன்று கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் என்னும் பெயரால் பலவகைத் தடுப்பு மருந்துகளைத் தயாரித்து வருகிறது. 1940-ல் வெக்கை நோய்க்கென்றே தனிச் சட்டமும் இம்மாகாணத்தில் இயற்றப்பட்டது.

இதனிடையே நம் நாட்டு மாடுகளால் உலகிற்கே ஒரு படிப்பினை ஏற்பட்டது. 1920-ல் இந்தியாவிலிருந்து பிரேசிலுக்குக் கப்பலேற்றிய மாடுகள் வழியில் பெல்ஜியத்து ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் நிறுத்தப்பட்டன. அவற்றிடமிருந்து அந்நாட்டு மாடுகளுக்கு வெக்கை தொற்றியது. ஒரு தேசம் தனித்து நின்று தன்னைக் காத்துக்கொள்ள இயலாது என்பதை உணர்ந்த 28 தேசங்கள் கூடி, 1924 ஜனவரி 25-ல் பாரிஸ் நகரில் சர்வதேசக் கால்நடை நோய் அலுவலகத்தை நிறுவின.

ஊரூராகச் சென்ற ஊசி

சுதந்திரத்திற்குப்பின், 1954-ல், வெக்கை ஒழிப்புத் திட்டம் தேசிய அளவில் தொடங்கப்பட்டது. மாடுகளிலும் எருமைகளிலும் நூற்றுக்கு எண்பதுக்குக் குறையாமல் ஊசி போட்டுவிட்டால் நோய் பரவ இடமின்றி மாயும் என்பது கணக்கு. உறைய வைத்து உலர்த்திய மருந்தைப் பனிக்கட்டியிட்ட பெட்டியில் சுமந்து, பஸ் செல்லாத ஊர்களுக்கு நடந்தும் வண்டியேறியும் சென்ற ஊழியர் பலர். நோய் மிகவும் குறைந்தது. 1960-ஐ ஒட்டிக் கென்யா நாட்டில் வால்டர் பிளௌரைட் என்பவர் கன்றின் சிறுநீரகத் திசுக்களில் வளர்த்த புதிய மருந்தைக் கண்டார். எவ்வினத்து மாட்டிற்கும், சினைப் பசுவிற்குங்கூடத் தீங்கின்றி அது ஆயுட்காலப் பாதுகாப்பை அளித்தது.

ஆயினும் நோய் முற்றும் ஒழியவில்லை. இவ்விடத்தில் நிலமுடையோர் சிறிது நின்று சிந்திக்க வேண்டும். மருந்து நல்லது, ஊழியரும் உழைத்தனர், பின்னர் ஏன் ஒழியவில்லை? காரணங்கள் வெளிப்படை. ஊசி போடும் நாளில் பிடித்துக் கட்ட எளிதான மாடுகளே வருஷந்தோறும் வந்தன. காட்டில் மேயும் மந்தையும், சந்தைக்குச் சந்தை நடக்கும் மாடும், இளங்கன்றுகளும் விடுபட்டன. தாய்ப்பாலின் மூலம் பெற்ற தடுப்புச் சக்தி கன்றின் உடலில் சில மாதங்கள் தங்கும். அக்காலத்தில் போடும் ஊசி கன்றுக்குப் பயன்படாது. உரிய வயதில் மறுபடி போடாவிட்டால் ஏட்டில் ஊசி போட்ட கன்று, உண்மையில் போடாத கன்றேயாம். ஏட்டுக் கணக்கு எண்பதைத் தாண்டியும் நோய் உயிரோடிருந்த மர்மம் இதுதான்.

ஆகவே 1992-ல் புதிய திட்டம் வகுக்கப்பட்டது. கண்ணை மூடிக்கொண்டு எங்கும் ஊசி போடுவதை விடுத்து, நோய் எங்கே ஒளிந்திருக்கிறது என்று ஊரூராகவும் மாட்டு வழிகள்தோறும் தேடினர். நோய் காணாத பிரதேசங்களில் ஊசியை வேண்டுமென்றே நிறுத்தினர். ஊசி இருக்குமளவும் நோய் மறைந்திருக்கிறதா, உண்மையில் இல்லையா என்று அறிய இயலாதல்லவா? நம் நாட்டில் இந்நோய் கடைசியாகக் காணப்பட்டது 1995-ல். அதுவும் நமது தமிழ்நாட்டிலேயே. 2006-ல் இந்தியா இந்நோய்த் தொற்று இல்லாத நாடு என்று ஒப்புக்கொள்ளப்பட்டது. உலகில் கடைசியாக 2001-ல் கென்யாவில் காட்டெருமைகளிடம் கண்ட இந்நோய், அறவே ஒழிந்ததென்று 2011-ல் உலக உணவு விவசாய நிறுவனமும் சர்வதேசக் கால்நடை நோய் அலுவலகமும் பிரகடனம் செய்தன. ஆப்பிரிக்கப் பாலைநிலங்களில் பனிக்கட்டியின்றியும் சில வாரங்கள் தாங்கும் மருந்தைக் கையிலேந்தி, பயிற்சி பெற்ற ஆயர்கள் தாமே ஊசி போட்டது இவ்வெற்றிக்குப் பெருந்துணையாயிற்று.

எஞ்சியிருக்கும் பகைவர்கள்

வெக்கை ஒழிந்ததெனினும் தொழுவத்திற்குப் பகை ஒழியவில்லை. கோமாரி எனப்படும் காணை நோயை எடுத்துக்கொள்வோம். வெக்கைக்குரியன என்று மேலே கூறிய மூன்று அனுகூலங்களில் ஒன்றும் இதற்கில்லை. கோமாரிக் கிருமி பல வகைப்பட்டது. ஒரு வகைக்குரிய மருந்து மற்றொரு வகையைத் தடுக்காது. ஊசியின் பயன் சில மாதங்களே நிற்கும். நோய் தேறிய மாடும் தொண்டையில் கிருமியை நெடுநாள் வைத்திருத்தல் கூடும். ஈரச் சாணத்திலும் வைக்கோலிலும் காலணியிலும் கயிற்றிலும் கிருமி ஒட்டிச் செல்லும். இதனாலேயே 2019-ல் தொடங்கிய தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் ஆறு மாதத்திற்கொரு முறை கோமாரி ஊசி போட ஏற்பாடாயிற்று. "சென்ற தடவை போட்டாயிற்றே" என்று சொல்வது, சென்ற போகத்தில் களை எடுத்தாயிற்றே என்று சொல்வதற்கொப்பாகும்.

வெள்ளாட்டையும் செம்மறியையும் பற்றும் ஆட்டுக்கொல்லி நோயோ வெக்கை நோயின் நெருங்கிய உறவு. இந்தியாவில் அது முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1987-ல், விழுப்புரத்தையடுத்த அரசூரில். அதற்குமுன் அதனை ஆடுகளுக்கு வந்த வெக்கை என்றே எண்ணியிருத்தல் கூடும். ஒரே ஊசி மூன்றாண்டுகளுக்குக் குறையாமல் காக்கும் நல்ல மருந்து அதற்கு உண்டு. ஆகையால் 2030-க்குள் அதையும் உலகினின்று ஒழிக்க வேண்டுமென்று சர்வதேச நிறுவனங்கள் உறுதி பூண்டன. 2019-ல் முதன்முதல் நம் நாட்டில் தோன்றி 2022-ல் வடமேற்கு மாகாணங்களில் பெருஞ்சேதம் விளைத்த தோல் கழலை நோய், புதிய பகைவரும் எந்நேரத்திலும் வரக்கூடும் என்பதை நினைவூட்டுகிறது.

என் பிழை ஒன்று

பிறர் குறையைக் கூறுமுன் என் குறையையும் கூறிவிடுதல் நேர்மை. சில ஆண்டுகளுக்குமுன் என் பொறுப்பிலிருந்த ஒரு கிராமத்தில் நெல் விதைநேர்த்தி காட்டுவதற்காக ஒருநாள் காலை ஒரு மிராசுதாரர் வீட்டிற்குச் சென்றேன். அவருடைய தொழுவத்தில் சந்தையிலிருந்து மூன்று நாட்களுக்குமுன் வாங்கி வந்த எருது ஒன்று எச்சில் ஒழுக நின்றது. "புது இடம், தீவனம் பிடிக்கவில்லை" என்றார். யானும் சாணத்தில் கால் வைத்து அருகே சென்று பார்த்து, அவர் சொல்லை ஏற்றுக்கொண்டேன். அதே காலணியோடு அன்றே மேலும் நான்கு வீட்டுத் தொழுவங்களின் வழியே நடந்தேன். ஒரு வாரத்திற்குள் அந்நான்கில் மூன்று தொழுவங்களில் கோமாரி கண்டது. அம்மூன்றில் ஒன்று, ஒரே கறவைப் பசுவை நம்பியிருந்த ஒரு விதவை மூதாட்டியுடையது. பசு பிழைத்தது, பால் வற்றிற்று, பால் குடித்துவந்த கன்று மாண்டது.

நோயைக் கொண்டுசென்றது என் காலணிதானா, பொதுத் தண்ணீர்த் தொட்டியா என்று எவராலும் உறுதி கூறவியலாது. ஆயினும் அந்த அம்மாளிடம் சென்று, "அம்மா, என்னாலும் வந்திருக்கலாம்" என்றேன். அவர் நெடுநேரம் பேசாதிருந்து, "ஐயா, படித்த நீங்களே பார்த்துவிட்டுப் போனபின் நான் என்ன பயப்படுவது என்று கன்றைப் பிரித்துக் கட்டாமல் இருந்துவிட்டேன்" என்றார். அச்சொல் இன்றும் என் நெஞ்சில் தைத்திருக்கிறது. அன்று முதல் தொழுவம் ஒவ்வொன்றிலும் நுழையுமுன்னும் வெளியேறியபின்னும் சோடாக் கரைசலில் காலைக் கழுவாமல் யான் அடியெடுத்து வைப்பதில்லை.

குடியானவர் செய்யவேண்டுவன

1. ஊசி போடும் நாளைத் தண்டோராவாலோ அறிவிப்பாலோ அறிந்தவுடன், மாடு, எருமை, கன்று அனைத்தையும் வீட்டிலேயே கட்டி வைத்தல் வேண்டும். மேய்ச்சலுக்குச் சென்றது ஒன்று விடுபடினும் அதுவே நோய்க்கு வாயிலாகும். ஊசியினால் பால் ஓரிரு நாள் குறையலாம். ஊசியிட்ட இடம் சிறிது வீங்கலாம். அதற்கு அஞ்சி ஊசியை மறுத்தல் கூடாது.

2. நான்கு மாதம் நிரம்பிய கன்றுக்கு முதல் கோமாரி ஊசியும், ஒரு மாதம் கழித்து இரண்டாவதும், பின்னர் ஆறு மாதத்திற்கொருமுறையும் போடுவித்தல் வேண்டும். நான்கு மாதம் முதல் எட்டு மாதத்திற்குட்பட்ட கிடேரிக் கன்றுகளுக்குக் கருச்சிதைவு நோய்க்கான ஊசி ஆயுளில் ஒருமுறை போடப்படும், அவ்வயதைத் தவறவிடலாகாது.

3. சந்தையில் வாங்கிய மாட்டை மூன்று வாரமேனும் தனியிடத்தில் கட்டித் தனித் தொட்டியில் தண்ணீர் காட்டுக. அதனைக் கவனிப்பவர் நல்ல மாடுகளை முதலிலும் அதனைக் கடைசியிலும் கவனிக்க வேண்டும்.

4. தொழுவ வாயிலில் சாக்கை விரித்து, பத்து லிட்டர் தண்ணீருக்கு 400 கிராம் சலவைச் சோடா கரைத்த நீரில் நனைத்து வைக்கலாம். வருவோர் போவோர் அதில் காலை ஊன்றிச் செல்லட்டும். செலவு சொற்பம்; பயன் பெரிது.

5. நோய் கண்ட மாட்டைச் சந்தைக்கு ஓட்டுதல் பெரும்பாவம். வாங்குபவனை மட்டுமன்று, வழியிலுள்ள ஊர்கள் அனைத்தையும் அது கெடுக்கும்.

6. நோயில் மாண்ட பிராணியை ஓடையிலோ ஏரியிலோ எறியாமல், ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பிட்டுப் புதைக்க வேண்டும். திடீரென மாண்டு மூக்கிலும் ஆசனத்திலும் கரிய இரத்தம் வடிந்தால் அடைப்பானாயிருக்கலாம். அதனை அறுக்கவோ தோலுரிக்கவோ கூடாது. மனிதருக்கும் அது உயிராபத்து.

கிராம அதிகாரிகள் கவனத்திற்கு

2009-ம் ஆண்டின் மத்திய அரசுச் சட்டத்தின்படி, தொற்று நோய் கண்டதாகக் கருதும் மாட்டை உடையவர் அச்செய்தியைக் கிராம அதிகாரியிடமோ ஊராட்சிப் பொறுப்பாளரிடமோ தெரிவிக்கக் கடமைப்பட்டவர். செய்தியை எழுத்து மூலமாக அருகிலுள்ள கால்நடை மருத்துவருக்கு அனுப்பவேண்டியவர் அவ்வதிகாரி. நோயுற்றதைப் பிரித்து வைத்தலும் உடையவரின் கடமையே. இது வெறுங் காகித வேலையன்று. செய்தி ஒருநாள் முந்தினால் ஊசி ஒருநாள் முந்தும். ஊசி ஒருநாள் முந்தினால் அடுத்த தெரு பிழைக்கும். புகார் கொடுப்பவரைக் குற்றவாளிபோல் நடத்தினால் மறுமுறை எவரும் வாய் திறவார். நோயைச் சொல்பவனுக்கு நன்மை விளையவேண்டும் என்பதை தாமஸ் பேட்ஸ் 1714-லேயே உணர்ந்தார் என்பதை நினைவுகூர்க.

முடிவுரை

வெக்கையை வென்றது மருந்து மட்டுமன்று. நோயை மறைக்காத உடையவனும், சந்தையை மூடத் துணிந்த அதிகாரியும், பனிக்கட்டிப் பெட்டியைச் சுமந்த ஊழியனும், விடுபட்ட கன்றைத் தேடிச் சென்றவனும் கூடியே அதனை வென்றனர். இந்த நால்வரில் ஒருவன் தவறியபோதெல்லாம் நோய் திரும்பி வந்தது என்பதையே சரித்திரம் காட்டுகிறது.

என் பாட்டனார் தொழுவத்தின் வெறுந்தறிகள் பின்னர் மெல்ல நிரம்பின. அவர் காலத்திற்குப்பின் என் தகப்பனார் அவற்றில் மாடுகளைக் கட்டினார். அம்மாடுகள் ஒவ்வொன்றும் ஊசி போடப்பட்டவை. இப்பத்திரிகையை வாசிக்கும் அன்பர் ஒவ்வொருவரும் தம் தொழுவத்திற்குச் சென்று, கட்டியுள்ள மாடுகளையும் கன்றுகளையும் எண்ணி, ஒவ்வொன்றிற்கும் கடைசியாக ஊசி போட்ட தேதியை ஒரு நோட்டில் குறித்துக்கொள்வாராக. தேதி நினைவில் இல்லாத கன்று ஒன்று இருப்பின், நாளைக் காலை முதல் வேலை அதுவாக இருக்கட்டும்.